செட்டில் ஆயிட்டியா? காவிரி டெல்டாவில் ஒரு ஆங்கிலச் சொல்லின் கணக்கு

[எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.]

இன்னைக்கு எபிசோடை ஒரு கல்யாண மண்டபத்துல இருந்து ஆரம்பிக்கலாம். பந்தி முடிஞ்சு கை கழுவிட்டு வர்றீங்க. தூரத்துச் சொந்தத்துல ஒரு பெரியப்பா உங்களைப் பிடிச்சு நிறுத்துறார். "என்னப்பா, செட்டில் ஆயிட்டியா?"

இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா? வேலை கிடைச்சாச்சான்னு கேக்குறாரா, கல்யாணம் ஆயிடுச்சான்னு கேக்குறாரா, சொந்த வீடு வாங்கியாச்சான்னு கேக்குறாரா? மூணும்தான். அதே மண்டபத்துல சமையல்காரர் வந்து "பாக்கியை செட்டில் பண்ணிடுங்க"ன்னு சொல்லுவார். அங்க அது பணம். பக்கத்து மேஜையில ரெண்டு பேர் "கேஸை வெளியவே செட்டில் பண்ணிட்டாங்க"ன்னு பேசிட்டிருப்பாங்க. அங்க அது சமரசம். வேலையை விட்டவருக்குக் கம்பெனி ஒரு செட்டில்மெண்ட் தரும். பத்திரப் பதிவு ஆபீஸ்ல அப்பா மகனுக்கு நிலத்தை எழுதி வச்சா, அந்தப் பத்திரத்தோட பேர் தான செட்டில்மெண்ட்.

ஒரே சொல்லு, ஆனா இத்தனை வேலை. இந்தச் சொல்லோட எல்லா அர்த்தத்தையும் ஒண்ணு விடாம அனுபவிச்ச ஒரு நிலப்பகுதி நம்ம பக்கத்துல இருக்கு. அதுதான் தஞ்சாவூரும் காவிரி டெல்டாவும். இன்னைக்கு அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டு டெல்டாவோட வரலாறுக்குள்ள போகப் போறோம். கூடவே ஒரு கேள்வியும் வரும்: செட்டில் பண்றவர் யாரு, செட்டில் ஆக முடியாம நின்னவர் யாரு?

முதல்ல செட்டில் ஆனது மண்ணு

சொல்லோட வேரைப் பார்த்துடலாம். பழைய ஆங்கிலத்துல 'செட்ல்'னா உட்காருற இடம், இருக்கை. முதுகு உயரமா வச்ச மரப் பெஞ்சுக்கு ஆங்கிலத்துல இன்னைக்கும் 'செட்டில்'னுதான் பேரு. உட்காருறதுல இருந்துதான் மத்த அர்த்தமெல்லாம் கிளை விட்டுச்சு. மனுஷன் ஒரு இடத்துல உட்கார்ந்தா குடியேற்றம். கலங்கின தண்ணியில மண்ணு அடியில உட்கார்ந்தா அதுவும் செட்டில். சண்டை உட்கார்ந்தா சமரசம், கணக்கு உட்கார்ந்தா பைசல்.

தமிழ்லயும் இதே மாதிரி ஒண்ணு நடந்திருக்கு. 'இரு'ங்கிற வினையில இருந்து இருக்கை வந்துச்சு, குடியிருப்பும் வந்துச்சு. இந்தக் 'குடியிருப்பு'ங்கிற சொல்லை ஞாபகத்துல வச்சுக்கோங்க. கடைசியில அதுக்கு ஒரு பெரிய வேலை இருக்கு.

இப்போ மண்ணுக்கு வருவோம். டெல்டாங்கிறதே ஆறு கொண்டாந்து படிய வச்ச வண்டல். குடகு மலையில இருந்து வர்ற தண்ணி, சமவெளியில வேகம் குறைஞ்சதும் சுமந்துட்டு வந்ததை இறக்கி வைக்குது. ஆயிரக்கணக்கான வருஷமா இப்படி இறக்கி வச்ச மண்ணுலதான் குறுவையும் சம்பாவும் தாளடியும் விளையுது.

ஆனா ஆறு தான் போற வழியிலயும் மண்ணைப் படிய வைக்கும். அங்கதான் பிரச்சினை. திருச்சிக்கு மேற்கே முக்கொம்புல காவிரி ரெண்டாப் பிரியுது. வடக்கே போறது கொள்ளிடம், தெற்கே போறது காவிரி. கொள்ளிடம் நேரா, சரிவா கடலைப் பார்த்து ஓடும். காவிரியோட படுகையில மணல் ஏற ஏற, தண்ணி சுலபமான வழியைத் தேடிக் கொள்ளிடம் பக்கம் சாய்ஞ்சுடும். கொள்ளிடத்துல போன தண்ணி பெரும்பாலும் கடலுக்குத்தான். கீழே கல்லணை இருந்தும், 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல காவிரிப் பக்கம் தண்ணி குறைஞ்சுக்கிட்டே வந்தது. வருஷா வருஷம் ஆள் திரட்டி மணல் அள்ள வேண்டியிருந்தது.

ஆர்தர் காட்டன்ங்கிற கம்பெனி பொறியாளர் 1836ல முக்கொம்புல கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணையைக் கட்டினார். தண்ணி மறுபடியும் காவிரிக்குத் திரும்புச்சு. அதே வருஷம் கீழே அணைக்கரையில கீழணையும் வந்துச்சு. 1934ல மேட்டூர் அணை கட்டி முடிஞ்சப்புறம் வண்டலோட ஒரு பங்கு அணைக்குள்ளேயே படிய ஆரம்பிச்சுது. அதாவது, ஆத்துல மண்ணு எங்க செட்டில் ஆகுதுங்கிறதுதான் டெல்டாவுல யாருக்குச் சோறு கிடைக்கும்னு முடிவு பண்ணுச்சு.

அந்த வண்டலைக் கையால அள்ளினவங்க, அதுல இறங்கி நாத்து நட்டவங்க, அவங்க எங்க செட்டில் ஆனாங்க? அதுக்கு வர்றதுக்கு முன்னாடி கடற்கரைப் பக்கம் ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம்.

விக்கக்கூடிய செட்டில்மெண்ட்

17ஆம் நூற்றாண்டுல இந்தச் சொல்லுக்கு டெல்டாவுல ஒரு புது அர்த்தம் வந்து இறங்குச்சு. ஐரோப்பியக் கம்பெனிகளோட 'செட்டில்மெண்ட்'. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரங்க தரங்கம்பாடியில உட்கார்ந்தாங்க. கடலைப் பார்த்தபடி டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினாங்க. 1658ல போர்த்துகீசியர்கிட்ட இருந்து நாகப்பட்டினத்தை டச்சுக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. 1739ல காரைக்கால்ல பிரெஞ்சுக்காரங்க வந்தாங்க. ஐம்பது கிலோமீட்டர் கடற்கரைக்குள்ள மூணு நாட்டுக் கொடி. இன்னைக்கு நீங்க பைக்ல ஒரு காலையில மூணு ஊரையும் பார்த்துட்டு வந்துடலாம்.

இந்த ஊர்கள்ல ஏற்கெனவே மக்கள் இருந்தாங்க. மீனவர்கள், நெசவாளர்கள், வியாபாரிகள்னு பல தலைமுறையா இருந்தாங்க. ஆனா ஆங்கிலப் பதிவுகள்ல அந்த ஊர் 'செட்டில்மெண்ட்' ஆகுறது வெளியில இருந்து ஒரு கம்பெனி காகிதத்தோட வந்து உட்கார்ந்த பிறகுதான். 1845ல டேனிஷ்காரங்க தரங்கம்பாடியையும், வங்காளத்துல வச்சிருந்த செராம்பூரையும் சேர்த்து பிரிட்டிஷ் கம்பெனிக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு வித்துட்டாங்க. ஊர்க்காரங்க எங்கேயும் போகல. அதே வீட்ல, அதே தெருவுலதான் இருந்தாங்க. ஆனா அவங்க இருந்த செட்டில்மெண்ட் கை மாறிடுச்சு.

அங்க குடியிருக்கிறவர் ஒருத்தர், அந்த இடத்துக்குக் கணக்கு எழுதுறவர் இன்னொருத்தர். இந்தப் பிளவு இனி திரும்பத் திரும்ப வரும்.

பைசல், தீர்வை, ஜமாபந்தி

1799ல தஞ்சாவூர் ராஜா ரெண்டாம் சரபோஜி, கோட்டையையும் அதைச் சுத்தின பகுதியையும் மட்டும் வச்சுக்கிட்டு, நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனிகிட்ட ஒப்படைச்சார். அதோட டெல்டாவுல அடுத்த அர்த்தம் வருது. நிலவரி செட்டில்மெண்ட்.

இங்க 'செட்டில்'னா முடிவு பண்றது. எந்த நிலம், யார் பேர்ல, எவ்வளவு வரி? வங்காளத்துல கார்ன்வாலிஸ் 1793ல ஜமீன்தார்களோட ஒரு நிரந்தர செட்டில்மெண்ட் போட்டிருந்தார். மெட்ராஸ் மாகாணத்துல தாமஸ் மன்றோ வேற வழி சொன்னார். இடையில ஜமீன்தார் வேண்டாம், விவசாயிகிட்ட நேரடியா வரி வாங்கலாம். அதுதான் ரயத்துவாரி. கேக்க நல்லா இருக்கு. ஆனா விவசாயின்னா யாரு?

தஞ்சாவூர்ல அதுக்குப் பதில் சிக்கலானது. இங்க நிலம் மிராசுதாரர்கள் கையில இருந்தது. மிராசுங்கிறது அரபு வழியா வந்த சொல்லு, அர்த்தம் பரம்பரைச் சொத்துரிமை. நிறைய மிராசுதாரர்கள் ஏர் பிடிச்சதே இல்ல. குத்தகைக்கோ வாரத்துக்கோ விட்டாங்க, இல்லன்னா பண்ணையாட்களை வச்சு சாகுபடி பண்ணாங்க. அரசாங்கம் விவசாயின்னு எழுதிக்கிட்டதும் பட்டா கொடுத்ததும் மிராசுதாரருக்குத்தான்.

1820கள்ல இங்க வந்த ஒரு வரி முறைக்குப் பேரு 'மொத்தம்பைசல்'. வயல் வயலா பார்க்காம, ஒரு கிராமம் முழுசுக்கும் சராசரி விளைச்சலைக் கணக்குப் போட்டு மொத்தமா ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. இந்தப் பேரைக் கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் சிரிப்பு வந்துச்சு. ஏன்னா எங்க தாத்தா காலத்துல 'கடனை செட்டில் பண்ணிட்டேன்'னு யாரும் சொல்லல. 'பைசல் பண்ணிட்டேன்'னுதான் சொன்னாங்க. பைசலும் அரபுச் சொல்லுதான். அர்த்தம், தீர்ப்பு, முடிவு. ஆங்கிலச் சொல்லு வர்றதுக்கு முன்னாடியே அந்த நாற்காலியில ஒரு அரபுச் சொல்லு உட்கார்ந்திருந்தது.

அதுக்கடுத்து வந்த முறையோட பேரு 'ஒழுங்கு'. நெல் விலை ஒரு அளவுக்கு மேல ஏறினா வரி ஏறும், விழுந்தா இறங்கும். 19ஆம் நூற்றாண்டு கடைசியிலதான் வயல் வயலா அளந்து, கல் நட்டு, சர்வே நம்பர் போட்டு, நாம இன்னைக்குப் பார்க்கிற மாதிரி ஒரு செட்டில்மெண்ட் தஞ்சாவூருக்கு வந்தது. பட்டா, சிட்டா, அடங்கல்னு இன்னைக்கு நீங்க ஆன்லைன்ல தேடுறதெல்லாம் அந்த மரத்தோட கிளைதான்.

இதுக்குத் தமிழ்ல என்ன பேரு தெரியுமா? நிலவரிக்குத் 'தீர்வை'. 'தீர்'ங்கிற வேர்ல இருந்து வந்தது. முடிவு பண்ணப்பட்டது, தீர்த்து வைக்கப்பட்டதுன்னு அர்த்தம். வருஷா வருஷம் தாலுகா ஆபீஸ்ல நடக்குற ஜமாபந்திக்கு அரசு நோட்டீஸ்ல போடுற தமிழ்ப் பேரு 'வருவாய்த் தீர்வாயம்'. ஆக, ஆங்கிலம் ஒரே சொல்லுல சொல்றதைத் தமிழ் ரெண்டா பிரிச்சு வச்சிருக்கு. ஒண்ணு தீர்க்கிறது. இன்னொண்ணு இருக்கிறது. ஒண்ணு ஆபீஸ்ல நடக்கும், இன்னொண்ணு தரையில நடக்கும்.

அளந்த நிலம், எழுதாத ஆளு

நிலத்தை அளக்குறது பிரிட்டிஷ்காரங்க இங்க கொண்டு வந்த விஷயம் இல்ல. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் சுவருக்குப் போங்க. 1010 வாக்குல கட்டி முடிச்ச கோயில். ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த கிராமங்களோட கணக்கு அந்தக் கல்லுல இருக்கு. வேலியை மாவாக்கி, மாவைக் காணியாக்கி, முந்திரியாக்கி, நம்ம கால்குலேட்டர் திணறுற அளவுக்குச் சின்னப் பின்னங்கள்ல அளந்திருக்காங்க. ஒரு வேலின்னா இன்னைக்குக் கணக்குல சுமார் 6.67 ஏக்கர், ஒரு மா சுமார் 33 சென்ட்.

அந்தக் கணக்குல வரி இல்லாத நிலம்னு ஒரு பட்டியலைக் கழிச்சுடுவாங்க. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு. அதோட கம்மாணசேரி, ஈழச்சேரி, பறைச்சேரி. அதாவது, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே சேரி எங்க இருக்குன்னு கல்லுல வெட்டியாச்சு. ஆனா அது நிலத்தைப் பத்தின குறிப்பு. அங்க இருந்த மனுஷங்களுக்கு அந்த மண்ணு மேல என்ன உரிமைன்னு அந்தப் பட்டியல் சொல்லல.

பிரிட்டிஷ் செட்டில்மெண்ட் பதிவேடும் இந்த விஷயத்துல பெரிசா மாறல. பட்டாதாரர் பேரு இருக்கும், சர்வே நம்பர் இருக்கும், மண் வகை இருக்கும், தீர்வை எவ்வளவுன்னு இருக்கும். நாத்து நட்டவங்க பேருக்கு அதுல கட்டமே கிடையாது. 1843ல அடிமைமுறைக்கு எதிரா ஒரு சட்டம் வந்துச்சு. காகிதத்துல அடிமை இல்லாம போனாங்க. வயல்ல அவங்க பண்ணையாள் ஆனாங்க. பெரும்பாலும் தலித் குடும்பங்கள்.

பண்ணையாள் வாழ்க்கையில ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். குடிசை நிக்கிற மனை மிராசுதாரருடையது. அதுக்கு வாடகை கிடையாது. வாடகைக்குப் பதிலா குடும்பமே அந்தப் பண்ணையில வேலை பார்க்கும். கூலி பத்தலன்னு கேட்டா, பக்கத்துப் பண்ணைக்குப் போனா, எதிர்த்துப் பேசினா, ஒரு வார்த்தை போதும்: "மனையைக் காலி பண்ணு." தலைமுறை தலைமுறையா அதே இடத்துல இருந்தவங்களுக்கு, ஒரு ராத்திரியில இருக்க இடம் இல்லாம போகலாம். கடன் இருந்தா, அது அப்பன்கிட்ட இருந்து பிள்ளைக்கு இறங்கும். அந்தக் கணக்கு மட்டும் செட்டில் ஆகவே ஆகாது.

கடல் தாண்டிய செட்டில்மெண்ட்

அப்போ ஓடிப் போறதுக்கு ஒரே திசைதான் இருந்தது. கடல்.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூணையும் சேர்த்து 1826ல பிரிட்டிஷ் கம்பெனி ஒரு நிர்வாகம் அமைச்சுது. அதோட பேரு ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ். மலாக்கா ஜலசந்தியோட செட்டில்மெண்டுகள். 1946ல கலைக்கப்படுற வரைக்கும் அந்தப் பேரு இருந்தது. 19ஆம் நூற்றாண்டோட இரண்டாம் பாதியில மலாயாவுக்குப் போன தமிழ்த் தொழிலாளிகளுக்கு முக்கியமான வாசல் நாகப்பட்டினம் துறைமுகம். தஞ்சாவூர் ஜில்லாவுல இருந்தும் திருச்சிப் பக்கத்துல இருந்தும் கங்காணிங்க கூட்டிட்டு வந்த ஆட்கள் அங்கதான் கப்பல் ஏறினாங்க.

சொந்த ஊர்ல குடிசைக்கு மனை இல்லாதவங்க, பேர்லேயே 'செட்டில்மெண்ட்' இருந்த ஒரு நாட்டுக்குப் போனாங்க. அங்கேயும் தோட்டத்து லயன் வீடு முதலாளியோடதுதான். இருந்தாலும் சிலர் காசு சேர்த்தாங்க, சிலர் திரும்பி வந்து நிலம் வாங்கினாங்க, பலர் திரும்பவே இல்ல. இன்னைக்கு மலேசியாவுலயும் சிங்கப்பூர்லயும் 'எங்க பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம்'னு சொல்ற பல குடும்பங்களுக்கு அந்தக் கப்பல் கணக்குல ஒரு இடம் இருக்கு.

ஒப்பந்தம்ங்கிற அர்த்தம்

1940கள்ல டெல்டாவுல இந்தச் சொல்லோட இன்னொரு அர்த்தம் முழிச்சுக்கிச்சு. பேச்சுவார்த்தை, ஒப்பந்தம். இந்தத் தடவை மேஜைக்கு அந்தப் பக்கம் பண்ணையாட்களும் இருந்தாங்க.

கம்யூனிஸ்ட் கட்சியோட பி. சீனிவாச ராவ் கீழத்தஞ்சையில விவசாயத் தொழிலாளிகளைச் சங்கமாத் திரட்ட ஆரம்பிச்சார். பிறப்பால அவர் கன்னடக்காரர், தமிழை இங்க வந்து கத்துக்கிட்டவர். மணலி கந்தசாமி மாதிரியான உள்ளூர்த் தலைவர்கள் கூட நின்னாங்க. சங்கம் முதல்ல வச்ச கோரிக்கைகளைக் கேட்டா இன்னைக்கு நமக்குக் கூசும். சாட்டையால அடிக்கக் கூடாது. சாணியைக் கரைச்சுக் குடிக்க வைக்கக் கூடாது. ஆமா, அது பண்ணையில கொடுத்த தண்டனை. சாணிப்பால்னு அதுக்கு ஒரு பேரே இருந்தது.

1944ல மன்னார்குடியில ஒரு ஒப்பந்தம், 1948ல மாயூரத்துல, அதாவது இன்னைக்கு மயிலாடுதுறையில, இன்னொண்ணு. கூலியும் வாரமும் பேச்சுவார்த்தைக்கு வந்துச்சு. 1952ல ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்போ தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 'பண்ணையாள்'ங்கிற தமிழ்ச் சொல்லு ஆங்கிலச் சட்டத்தோட தலைப்புலேயே ஏறுச்சு. அதுவரைக்கும் பதிவேட்டுல கட்டமே இல்லாத ஆளுக்கு, முதல் தடவையா ஒரு சட்டத்துல பேரு.

ஆனா இதுல ஒரு முரண். சட்டம் பண்ணையாளுக்குப் பாதுகாப்புக் கொடுத்ததும், பல மிராசுதாரர்கள் பண்ணையாளே வேண்டாம்னு முடிவு பண்ணாங்க. அன்னாடக் கூலிக்கு ஆள் வச்சுக்கிட்டாங்க. தலைமுறைக் கட்டு அறுந்துச்சு. அதோட வருஷம் முழுக்க இருந்த வேலையும் போச்சு. மனை மட்டும் இன்னும் அவங்களோடது ஆகல.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டதும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததும்தான் பின்னணி. ஒரு குடிசைக்குள்ள ஒதுங்கின பெண்களும் குழந்தைகளும் முதியவங்களுமா 44 பேரை உயிரோட எரிச்சாங்க. கீழ்க்கோர்ட்டு தண்டிச்ச நிலவுடைமையாளர்களை 1973ல மெட்ராஸ் ஹைகோர்ட் விடுதலை பண்ணுச்சு. கோர்ட்டைப் பொறுத்தவரை வழக்கு தீர்ந்தது. வெண்மணிக்கு அது இன்னைக்கும் தீரல. ஒவ்வொரு டிசம்பர் 25ம் அங்க கூடுற கூட்டம் அதுக்குச் சாட்சி.

வெண்மணிக்குப் பிறகு அரசு கணபதியாப் பிள்ளை கமிஷனை அமைச்சது. 1969ல கீழத்தஞ்சைக்கு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலியைச் சட்டம் நிர்ணயிக்க ஆரம்பிச்சுது. ஆனா கூலி கேக்குறவன் நிக்கிற தரை யாரோடது?

அந்த ஒரு தமிழ்ச் சொல்லு

ஆரம்பத்துல ஒரு சொல்லை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன். குடியிருப்பு.

1971ல கருணாநிதி ஆட்சியில ஒரு சட்டம் வந்தது. மத்தவங்க நிலத்துல குடிசை போட்டுக் குடியிருந்த விவசாயத் தொழிலாளிகளுக்கும் விவசாயிகளுக்கும் அந்த மனையையே சொந்தமாக்குற சட்டம். அந்தச் சட்டத்தோட ஆங்கிலத் தலைப்பைப் பார்த்தா, அதுக்குள்ள 'குடியிருப்பு'ங்கிற தமிழ்ச் சொல்லு அப்படியே உட்கார்ந்திருக்கு. மொழிபெயர்க்கல.

ஏன் 'செட்டில்மெண்ட்'னு போடலன்னு எனக்கு ஒரு யோசனை. நூத்தி எழுபது வருஷமா வருவாய்த் துறையில அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். அரசும் பட்டாதாரரும் வரியை முடிவு பண்றது. ஒரு குடிசையில ஒரு குடும்பம் இருக்குங்கிற சாதாரண விஷயத்துக்கு அந்தத் துறையோட ஆங்கிலத்துல இடமே இல்லாம போயிருந்தது. அதனால தரையில இருந்த சொல்லையே எடுத்துக்க வேண்டியதாச்சு.

இந்தச் சட்டம் கொடுத்தது சில சென்ட் நிலம். அதுல நெல்லு விளையாது. ஆனா "மனையைக் காலி பண்ணு"ங்கிற மிரட்டலுக்குச் சட்டப் பலம் போச்சு. கூலி பத்தலன்னு சொல்லிட்டு அவன் தன் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம். மறுநாள் காலையிலயும் வீடு அங்கேயே இருக்கும். பேரம் பேசுறதுக்கு அந்தச் சின்னத் தைரியம் எவ்வளவு முக்கியம்னு, மாசக் கடைசியில வீட்டு ஓனர் போன் வந்தா பதறுற நமக்கு நல்லாவே புரியும்.

வயலுக்கான போராட்டம் வேற வழியிலயும் போச்சு. சர்வோதயத் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981ல லாப்டிங்கிற அமைப்பைத் தொடங்கினாங்க. நிலம் விக்கத் தயாரா இருக்கிற உடைமையாளர்கிட்ட பேசி, கடன் ஏற்பாடு பண்ணி, நிலமில்லாத குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர். பட்டா பெண்கள் பேர்ல. 2008ல ரெண்டு பேருக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைச்சது. சண்டை போட்டும் வாங்கினாங்க, பேசியும் வாங்கினாங்க. ரெண்டும் சேர்ந்துதான் டெல்டா.

இன்னும் உட்காராத கணக்கு

இந்தச் சொல்லுக்கு டெல்டாவுல ஒரு பெரிய பாக்கி இருக்கு. தண்ணி. 1892ல மெட்ராஸும் மைசூரும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, 1924ல இன்னொண்ணு. 1990ல காவிரி நடுவர் மன்றம், 2007ல அதோட இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. பிலிகுண்டுலுவுல தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டிஎம்சின்னு முடிவாச்சு. ஆனா மழை பொய்க்கிற வருஷத்துல எல்லாக் கேள்வியும் மறுபடி எழுந்து உட்காரும். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்குமான்னு ஒவ்வொரு வருஷமும் டெல்டா காத்திருக்கு. காகிதத்துல தீர்ந்தது தரையில தீர்றதுக்கு ஒரு நல்ல பருவமழையும் வேணும்.

சரி, திரும்ப மண்டபத்துக்குப் போவோம். பெரியப்பா இன்னும் பதிலுக்குக் காத்துட்டிருக்கார்.

அவர் கேள்வியில தப்பு ஒண்ணும் இல்ல. இருக்க ஒரு இடம், நிம்மதியா ஒரு வேலை, யாரும் கிளப்பி விட முடியாத ஒரு தரை. இதுக்காக டெல்டாவுல மனுஷங்க கப்பல் ஏறியிருக்காங்க, கொடி பிடிச்சிருக்காங்க, செத்துப் போயிருக்காங்க. 'செட்டில்' ஆகுறதைச் சாதாரண மிடில் கிளாஸ் ஆசைன்னு கிண்டல் பண்றதுக்கு முன்னாடி, அது எத்தனை பேருக்கு எத்தனை காலம் மறுக்கப்பட்டதுன்னு ஒரு தடவை நினைச்சுக்கலாம்.

இந்த எபிசோடுக்கு ஒரு வீட்டுப்பாடம் தர்றேன். உங்க வீட்ல பெரியவங்ககிட்ட ஒண்ணு கேளுங்க. நம்ம குடும்பம் முதல் முதல்ல மனைப் பட்டா வாங்கினது எந்த வருஷம்? அது யார் பேர்ல இருந்தது? சில வீட்ல "அது எப்பவும் நம்மளோடதுதான்"னு சொல்லுவாங்க. சில வீட்ல வருஷத்தோட, தேதியோட, அன்னைக்கு யார் யார் கூட வந்தாங்கன்னு வரைக்கும் சொல்லுவாங்க. இந்த ரெண்டு பதிலுக்கும் நடுவுலதான் டெல்டாவோட வரலாறு இருக்கு. கிடைச்ச பதிலை எங்களுக்கும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.